பழங்காப்பியத்தின் நாயகனை இனங்காண்பது எப்படி

காப்பியம் ஒன்றைப் படித்து முடித்தவரிடம் அதன் நாயகன் யார் என்று கேட்டால் தயங்காமல் பெயரைச் சொல்லிவிடுவார். அவன் எதனால் நாயகன் ஆனான் என்று அடுத்துக் கேட்டால், வீரன், அழகன், நல்லவன் என்ற மூன்று சொற்களோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு பழைய காப்பியங்களைத் திறந்தால் தொடக்கத்திலேயே திகைத்துப் போவோம். கிரேக்கக் கவிஞர் ஹோமர் ட்ராய் நகரப் போரைப் பாடிய இலியட்டின் அக்கிலீஸ், தன்னை அவமதித்த அரசனுக்குப் பாடம் புகட்டுவதற்காகத் தன் பக்கத்துப் படையே தோற்க வேண்டும் என்று தாயின் வழியாகத் தலைமைத் தெய்வத்திடம் வேண்டிக்கொள்கிறான். பழைய மெசொப்பொத்தேமியாவின் கில்காமேஷ் காப்பியம், தன் குடிகளையே வாட்டி வதைக்கும் இளம் மன்னனோடு தொடங்குகிறது. பொறுக்க மாட்டாத ஊரார் தெய்வங்களிடம் முறையிடுகிறார்கள். மகாபாரதத்தில் தருமத்தின் மகன் என்று பெயர் பெற்றவன் தம்பியரையும் மனைவியையும் சூதுக்களத்தில் பணயமாக வைக்கிறான்.

இப்படிப்பட்டவர்களைக் காப்பியம் ஏன் நடுவில் நிறுத்துகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புவோர், தேர்வுக்காகப் படித்தாலும் விருப்பத்துக்காகப் படித்தாலும், பின்பற்றக்கூடிய ஒரு வாசிப்பு முறையை இங்கே விளக்குகிறேன். இதற்கு வேண்டியவை முழுமையான மூலமோ முழுமையான மொழிபெயர்ப்போ ஒன்று, ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில். கதைச்சுருக்கங்கள் இந்த வேலைக்கு உதவா. அவை நிகழ்ச்சிகளைச் சொல்லும்; நாயகன் உருவாகும் இடங்களையோ கழித்துவிடும். இலியட் என்றதும் மரக்குதிரையை நினைப்பவர்கள் சுருக்கத்தை மட்டுமே அறிந்தவர்கள். 24 பகுதிகளும் 15,000-க்கு மேற்பட்ட அடிகளும் கொண்ட அந்தக் காப்பியத்தில் மரக்குதிரை வரும் காட்சி இல்லை, அக்கிலீஸின் சாவும் இல்லை. பத்து ஆண்டுப் போரின் கடைசி ஆண்டில் சில வாரங்களை மட்டுமே அது பாடுகிறது.

எதைத் தேட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழங்காப்பியத்தில் வீரம் எல்லோருக்கும் பொது. இரு படைகளிலும் வீரர் அல்லாதவர் அரியர். நாயகனைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுவது, தான் சாகப் பிறந்தவன் என்று அறிந்த ஒருவன் எதைத் தேர்ந்துகொண்டான், அந்தத் தேர்வுக்கு என்ன விலை கொடுத்தான் என்பதுதான். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒரே கேள்வியை வெவ்வேறு வாசல்களிலிருந்து கேட்பதற்கான வழியே ஆகும்.

சொல்லின் பொருளைச் சரிசெய்துகொள்ளுங்கள்

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், நாயகன் என்பதற்கு நல்லவன் என்று பொருள் இல்லை என்று எழுதிவையுங்கள். ஹோமரின் கிரேக்கத்தில் நாயகனைக் குறிக்கும் சொல் போர்க்களத்து வீரர் பலருக்கும் பொதுவாக வழங்குகிறது. பிற்காலக் கிரேக்கரிடையே அது, இறந்த பின் கல்லறையில் வழிபாடு பெற்றவரையும் குறித்தது. நன்னடத்தைச் சான்றிதழாக அந்தச் சொல் எக்காலத்திலும் இருந்ததில்லை. தமிழில் தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் சொல்லும்போது தன்னிகரில்லாத் தலைவனைக் கேட்கிறது. நிகரில்லாமை என்பது அளவைப் பற்றிய சொல். ஒருவனுடைய சினமும் நிகரற்றதாக இருக்கலாம், துயரமும் நிகரற்றதாக இருக்கலாம். இந்த இலக்கணத்தைப் பின்பற்றி நாயகனின் நற்பண்புகளைப் பட்டியலிட்டுக் கட்டுரையை முடிப்பது நம் வகுப்பறைகளில் நெடுநாள் வழக்கம்; நானும் அப்படி எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனால் அந்தப் பட்டியல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பெயரை மாற்றிவிட்டு ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிடலாம் என்பது விளங்கும். எந்த நாயகனுக்கும் பொருந்தும் விடை எந்த நாயகனையும் விளக்குவதில்லை.

முதல் வரிகளைப் பென்சிலோடு படியுங்கள்

பழங்காப்பியக் கவிஞர்கள் தம் பொருளை ஒளித்துவைப்பதில்லை. இலியட்டின் முதல் சொல் சினம். போர் முடிந்து வீடு திரும்பும் ஒடிசியஸைப் பாடும் ஹோமரின் மற்றொரு காப்பியமான ஒடிசியின் முதல் சொல் மனிதன். அதை அடுத்து அவன் பல வழிகளில் திரும்பியவன், பல சூழ்ச்சிகள் அறிந்தவன் என்று இருபொருள்படும் ஓர் அடைமொழி வருகிறது. இலத்தீன் கவிஞர் வர்ஜிலின் ஈனியட், படைக்கலங்களையும் மனிதனையும் பாடுகிறேன் என்று தொடங்குகிறது. முன்னிரண்டு கிரேக்கக் காப்பியங்களையும் ஒரே தொடரில் தன்னுடையதாக்கிக்கொள்ளும் துணிச்சல் அதில் தெரிகிறது. கில்காமேஷின் பிற்கால வடிவம், ஆழத்தைக் கண்டவன் என்று தொடங்குகிறது. இந்தச் சொற்களை எழுதிவைத்துக்கொண்டு, காப்பியம் முழுவதும் அந்தச் சொல்லுக்கு என்ன நேர்கிறது என்று பின்தொடருங்கள்.

எல்லாவற்றிலும் வெளிப்படையான தொடக்கம் வான்மீகியுடையது. நம்முடைய கேள்வியையே அவர் கேட்கிறார். இன்று இவ்வுலகில் குணமும் வீரியமும் உடையவன் யார், அறம் அறிந்தவன், நன்றி மறவாதவன், சொன்ன சொல் தவறாதவன் யார் என்று நாரதரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார். மரபு அவற்றைப் பதினாறு குணங்கள் என்று எண்ணுகிறது. அந்தப் பட்டியலின் பின்பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். சினத்தை வென்றவன் யார் என்று கேட்ட அதே வாய், போரில் சினந்தால் தேவரும் அஞ்சுவது யாரைக் கண்டு என்றும் கேட்கிறது. சினத்தை வென்றவனிடம் தேவரும் அஞ்சும் சினம் எப்படி இருக்கும்? இந்த முரண்பாட்டைக் கவிஞர் தவறுதலாக விட்டுவைத்திருக்க மாட்டார் என்று நான் நினைக்கிறேன். நாரதரும், இத்தனை குணங்கள் ஒருவனிடம் சேர்வது அரிது என்று ஒப்புக்கொண்ட பிறகே பெயரைச் சொல்கிறார். அதன் பின் வரும் காண்டங்களைப் படிக்கும்போது, இந்த இரண்டு குணங்களும் எந்தக் காட்சியில் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று பாருங்கள். கடல் வழிவிடாத இடத்தில் இராமன் வில்லை எடுப்பது அப்படிப்பட்ட ஒரு காட்சி.

பிறப்பில் நெடுநேரம் தங்க வேண்டாம், அடைமொழியில் தங்குங்கள்

அக்கிலீஸின் தாய் கடல் தெய்வம். ஈனியட்டின் நாயகன் ஈனியாஸின் தாய் வீனஸ் என்னும் தெய்வம். கர்ணனின் தந்தை கதிரவன். கில்காமேஷ் மூன்றில் இரண்டு பங்கு தெய்வம், ஒரு பங்கு மனிதன் என்று அந்தக் காப்பியமே கணக்குச் சொல்கிறது. தெய்வப் பிறப்பு ஆற்றலுக்கான காரணம் என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். பெற்றோர் சாவற்றவராக இருந்தும் பிள்ளை சாக வேண்டியிருக்கிறது என்பதே அதன் கூர்மை. இலியட்டில் ட்ராய் பக்கத்து வீரன் சார்பிடான் சாவதற்கு முன், அவன் தந்தையாகிய சூஸ் அவனைக் காப்பாற்ற இயலாமல் மண்ணின்மீது குருதித் துளிகளை மழையாகப் பெய்விக்கிறார். தெய்வங்களின் அரசனுக்கே அவ்வளவுதான் முடிந்தது.

அடைமொழிகளைத் தனியே ஒரு பக்கத்தில் தொகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடைமொழிக்கும் எதிரே அது எந்தச் சூழலில் வருகிறது என்று குறியுங்கள். விரைந்த கால்களை உடைய அக்கிலீஸ், காப்பியத்தின் பெரும்பகுதியில் கூடாரத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறான். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இத்தகைய அடைமொழிகள் அடியின் யாப்பை நிரப்பும் வாய்ப்பாடுகளாக மரபில் வந்தவை என்பதை ஹோமர் ஆய்வாளர் மில்மன் பாரி 1928 இல் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார். ஆகவே ஓர் அடைமொழி ஒரு முறை பொருந்தாமல் வந்ததைக் கொண்டு பெரிய முடிவுக்குத் தாவக் கூடாது. ஆனால் கவிஞர் அந்த அடைமொழிக்கு எதிராகவே கதையைக் கட்டியிருந்தால் அது வேறு. ஓடுவதற்கென்றே பிறந்தவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது இலியட்டின் கதையே ஆகிவிடுகிறது. அவன் கடைசியில் ஓடும்போது, நகரத்து மதிலை மும்முறை சுற்றி, ட்ராய் படையின் தலைசிறந்த வீரன் ஹெக்டரைத் துரத்துகிறான்.

தேர்வு நிகழும் காட்சியைக் கண்டுபிடியுங்கள்

இந்த முறையின் உயிர்நிலை இது. ஒவ்வொரு பெரிய காப்பியத்திலும் நாயகன் முன் இரண்டு வழிகள் வைக்கப்படும் ஒரு காட்சி இருக்கும். சண்டைக் காட்சிகளின் ஆரவாரத்தில் அது எளிதில் தவறிவிடும், ஏனென்றால் பெரும்பாலும் அது இருவர் அமர்ந்து பேசும் காட்சியாக இருக்கும். அதைக் கண்டுபிடித்ததும் குறிப்பேட்டில் மூன்று விடைகளை எழுதுங்கள்: அவனுக்கு என்ன தரப்பட்டது, அவன் எதை மறுத்தான், மறுப்புக்கு அவன் வாயாலேயே என்ன காரணம் சொன்னான்.

இலியட்டின் 9-ஆம் பகுதியில் தூதுவர்கள் அக்கிலீஸின் கூடாரத்துக்குப் பெரும் பரிசுகளின் பட்டியலோடு வருகிறார்கள். அவர்கள் வரும்போது அவன் யாழை மீட்டி, மறவர்களின் புகழைப் பாடிக்கொண்டிருக்கிறான். தன் தாய் சொன்ன இரண்டு விதிகளை அவன் அவர்களிடம் கூறுகிறான். இங்கேயே நின்று போரிட்டால் வீடு திரும்ப முடியாது, ஆனால் புகழ் அழியாது. வீடு திரும்பினால் புகழ் போய்விடும், ஆயுள் நீளும். பலரும் இந்த இடத்தை, அவன் புகழைத் தேர்ந்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் காட்சியில் அவன் அப்படித் தேர்வதில்லை. கொள்ளையடித்த மாடுகளைத் திரும்பப் பெறலாம், வெளியேறிய உயிரைத் திரும்பப் பெற முடியாது என்று வாதிட்டு, மறுநாளே கப்பல் ஏறப்போவதாக மிரட்டுகிறான். கோழையும் வீரனும் ஒரே மதிப்பைத்தான் பெறுகிறார்கள் என்று அவன் சொல்லும்போது, தான் வாழ்ந்த வாழ்க்கையின் அடித்தளத்தையே சந்தேகிக்கிறான். நாயகனின் பெருமை இந்தச் சந்தேகத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அவனைச் சுற்றியிருப்பவர்கள் கேட்கத் துணியாத கேள்வியை அவன் கேட்டுவிடுகிறான். இறுதியில் அவன் போருக்குத் திரும்புவது பரிசுக்காகவும் இல்லை, புகழுக்காக மட்டும் என்றும் சொல்ல முடியாது. அதற்கான காரணத்தை அடுத்த படியில் பார்ப்போம்.

ஒடிசியஸுக்குத் தரப்பட்டது இதைவிடப் பெரியது. அவனைத் தன் தீவில் வைத்திருக்கும் தெய்வமகள் கலிப்ஸோ அவனுக்குச் சாவில்லாத வாழ்வைத் தருவதாகச் சொல்கிறாள். என் மனைவி உருவிலும் தோற்றத்திலும் உனக்கு நிகரில்லை, அவள் முதுமையும் சாவும் உடையவள் என்று ஒடிசியஸே ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்ட பிறகும் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான். அமரத்துவத்தைக் கையில் வைத்துக் கொடுத்தபோது அதைத் தள்ளிவிட்டு மூப்பைத் தேர்ந்துகொண்டவன் என்பதை மறந்துவிட்டு, அவனைத் தந்திரசாலி என்று மட்டும் எழுதுவது அரைகுறையான வாசிப்பு.

கர்ணனின் காட்சி உத்தியோக பருவத்தில் வருகிறது. கிருஷ்ணன் அவனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய், நீ குந்தியின் மூத்த மகன், அரசு உனக்கே உரியது, ஐவரும் உன் காலடியில் நிற்பார்கள் என்கிறான். கர்ணனின் மறுப்பில் போர்முழக்கம் எதுவும் இல்லை. தன்னைக் கண்ட அன்பினாலேயே ராதைக்கு முலைப்பால் சுரந்தது என்கிறான். சடங்குகள் செய்து பெயரிட்டு வளர்த்தவர் அதிரதன் என்கிறான். பொற்குவியலுக்காகவோ பூமி முழுவதற்காகவோ அந்த உறவைப் பொய்யாக்க மாட்டேன் என்கிறான். பாண்டவர் வெல்வார்கள் என்பதையும் அவன் அறிவான், சொல்லவும் செய்கிறான். பிறகு ஒரு வேண்டுகோள் வைக்கிறான்: இந்த உண்மையைத் தருமனிடம் சொல்லிவிடாதே, சொன்னால் அவன் அரசை ஏற்க மாட்டான். தோற்கப் போகும் பக்கத்தில் நின்றுகொண்டு, வெல்லப் போகிறவனின் மனச்சான்று உறுத்தாமல் இருக்க வழிசெய்துவிட்டுப் போகிறான். புகழெனின் உயிரும் கொடுக்குவர், பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர் என்ற புறநானூற்று அடிகளின் இரண்டு பாதிகளும் இவன் ஒருவனிடமே பொருந்துகின்றன; கவச குண்டலங்களைக் கேட்டு இந்திரன் வருவான் என்று கதிரவன் முன்பே எச்சரித்தபோது, உயிரைவிடப் புகழே வேண்டும் என்று சொன்னவனும் இவன்தான்.

இந்த வேலையைச் செய்யும்போது ஒன்று தெரியவரும். தேர்வுக் காட்சி உள்ள எல்லோரும் காப்பியத் தலைவர்களாக இருப்பதில்லை. கர்ணனை மகாபாரதத்தின் தலைவன் என்று இலக்கண முறைப்படி சொல்ல முடியாது. ஆனால் படிப்போர் மனம் அவனிடம் தங்குவதற்குக் காரணம் இந்தக் காட்சிதான். கட்டுரை எழுதுவோர் தலைவன், நாயகத் தன்மை உடையவன் என்று இரண்டு சொற்களை வேறுபடுத்திப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தோழனின் சாவுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள்

சாவை நாயகன் முதலில் அறிவது தன் சாவின் வழியாக இல்லை. தோழன் என்கிடு இறந்தபோது கில்காமேஷ் உடலைப் புதைக்க விடாமல் ஆறு பகலும் ஏழு இரவும் வைத்துக்கொண்டிருக்கிறான். மூக்கிலிருந்து புழு ஒன்று விழுந்த பிறகுதான் கையை விடுகிறான். தோழன் பட்ரோக்ளஸ் ஹெக்டரின் கையால் இறந்தபோது அக்கிலீஸ் சாம்பலையும் புழுதியையும் தலையில் வாரிப் போட்டுக்கொண்டு மண்ணில் கிடக்கிறான். இந்த இடத்தில் இரு காப்பியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கில்காமேஷ், குட்டிகளை இழந்த பெண் சிங்கம்போல முன்னும் பின்னும் நடக்கிறான். அக்கிலீஸ், வேட்டைக்காரன் தூக்கிச் சென்ற குட்டிகளைக் காணாமல் பள்ளத்தாக்கெங்கும் அடிச்சுவட்டைத் தேடும் சிங்கம்போல முனகுகிறான். மொழியாலும் நாட்டாலும் வேறுபட்ட, பல நூற்றாண்டு இடைவெளி உடைய இரண்டு மரபுகள் ஒரே உவமையைக் கொண்டு ஒரே துயரத்தை அளக்கின்றன.

அக்கிலீஸைப் போருக்கு இழுத்து வருவது இந்தச் சாவுதான். ஹெக்டரைக் கொன்றால் அடுத்து நீ சாவாய் என்று தாய் சொல்கிறாள். அப்படியானால் இப்போதே சாகிறேன் என்கிறான். 9-ஆம் பகுதியில் வாதமாக இருந்த தேர்வு 18-ஆம் பகுதியில் முடிவாகிறது. கில்காமேஷோ எதிர்த் திசையில் போகிறான். சாவுக்கு மருந்து தேடி உலகின் எல்லைவரை நடக்கிறான். அங்கே அவனுக்கு வைக்கப்படும் சோதனையை அருகில் நின்று பார்க்க வேண்டும். ஆறு பகலும் ஏழு இரவும் உறங்காமல் இரு என்று, சாவில்லா வாழ்வு பெற்ற உத்நபிஷ்டிம் சொல்கிறான். உட்கார்ந்த உடனே கில்காமேஷைத் தூக்கம் மூடுபனிபோலக் கவிந்துகொள்கிறது. விழித்ததும் அவன் தூங்கவில்லை என்று சாதிப்பான் என்பதால், ஒவ்வொரு நாளும் ஒரு ரொட்டி சுட்டு அவன் தலைமாட்டில் வைக்கிறார்கள். எதிர்பார்த்தபடியே, கண் அயர்வதற்குள் தொட்டுவிட்டாயே என்கிறான் அவன். எண்ணிப் பார் என்று ரொட்டிகளைக் காட்டுகிறார்கள்: முதலாவது காய்ந்து கட்டையாகிவிட்டது, இடையில் உள்ளவை ஈரமேறியும் பூஞ்சை பிடித்தும் கிடக்கின்றன, ஏழாவது இன்னும் தணலின்மீது இருக்கிறது. தூக்கத்தையே வெல்ல முடியாதவன் சாவை எப்படி வெல்வான் என்ற வாதத்தைத் தத்துவமாகச் சொல்லாமல் ரொட்டி வரிசையாகக் காட்டிய அந்தக் கவிஞரின் கைத்திறனை வியக்காமல் இருக்க முடியவில்லை.

பகைவனின் வீட்டுக்குள் கவிஞர் உங்களை அழைத்துப் போகிறாரா

பகைவனை எவ்வளவு பெரியவனாகக் காப்பியம் காட்டுகிறதோ அவ்வளவுக்கே நாயகனும் உயர்வான். கேடுகெட்ட பகைவனைக் கொல்வதில் விலை எதுவும் இல்லை. ஆகவே பகைவனுக்கு ஒதுக்கப்பட்ட அடிகளையும் நாயகனுக்குச் செய்த அதே கவனத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். இலியட்டின் 6-ஆம் பகுதியில் ஹெக்டர் போர்க்கோலத்தோடு நகர வாயிலில் மனைவியைச் சந்திக்கிறான். குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் மேல் ஆடும் குதிரை மயிர்க் கொண்டையைக் கண்டு குழந்தை அலறிச் செவிலியின் மார்பில் ஒடுங்குகிறது. தாயும் தந்தையும் சிரிக்கிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, குழந்தையை முத்தமிட்டு, இவன் தந்தையை மிஞ்சினான் என்று ஊர் சொல்லட்டும் என வேண்டுகிறான். நகரம் வீழும் என்று அவன் சற்று முன்புதான் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். தரையில் மின்னிக்கொண்டிருக்கும் அந்தக் கவசத்தை அவன் மீண்டும் எடுத்து அணிந்துகொள்வதும் ஒரு தேர்வுதான். 22-ஆம் பகுதியில் அவன் விழும்போது வாசகர் யார் பக்கம் நிற்பார் என்பதைக் கவிஞர் இங்கேயே கடினமாக்கிவிட்டார்.

குற்றத்தையும் பெருமையையும் ஒரே வேரில் தேடுங்கள்

நாயகனிடம் குறை இருந்தால் அதைத் தனியே எடுத்து, அவனுடைய வீழ்ச்சிக்குக் காரணம் என்று எழுதும் பழக்கம் நாடக இலக்கணத்திலிருந்து வந்தது. காப்பியத்துக்கு அது அரைகுறையாகத்தான் பொருந்தும். மாறாக, இந்தக் குறையைப் பிடுங்கி எடுத்தால் இவனுடைய பெருமையும் கூடவே வந்துவிடுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒற்றைக்கண் அரக்கனிடம் தன் பெயர் யாருமில்லை என்று சொல்லித் தப்பிய ஒடிசியஸ், கப்பல் கரையை விட்டு விலகியதும் தன் உண்மைப் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் உரக்கக் கத்துகிறான். அந்தப் பெயரைக் கொண்டுதான் அரக்கன் தன் தந்தையான கடல் தெய்வத்திடம் சாபம் கேட்கிறான். கத்தாமல் இருந்திருந்தால் அவன் விரைவில் வீடு சேர்ந்திருக்கலாம். ஆனால் யாருமில்லாதவனாகவே திரும்பிவர மனமில்லாத அந்தப் பிடிவாதம்தான் அமரத்துவத்தையும் மறுத்தது.

தருமனின் தேர் தரையைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடும் என்று மகாபாரதம் சொல்கிறது. அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கவும், யானை என்பதை மெல்லவும் சொன்ன கணத்தில் அதன் சக்கரங்கள் மண்ணில் படிந்தன. எல்லோருடைய தேரும் மண்ணில்தான் ஓடுகிறது; அவனுடையது இறங்கியது மட்டுமே செய்தியாகிறது. துரோணர் அவன் சொல்லை நம்பியதற்குக் காரணம், அவன் பொய் சொல்லமாட்டான் என்பதுதான். அவனுடைய வாய்மையே கொலைக்கருவியாகிறது.

காப்பியம் யாரை நடுகல்லாக்குகிறது

சிலப்பதிகாரத்தில் இந்த முறை தலைகீழாகிறது. அதனால்தான் அதைக் கடைசிச் சோதனையாக வைக்கிறேன். கோவலனைத் தலைவன் என்று எடுத்துக்கொண்டால், 30 காதைகளில் 16-ஆவது காதையிலேயே அவன் வெட்டுண்டு விழுகிறான். போர் வீரத்தைத் தேடினால் வஞ்சிக் காண்டத்துச் செங்குட்டுவன்தான் கிடைப்பான். அவனோ கதையின் பாதிக்குப் பிறகு வருகிறான். நாம் வகுத்த கேள்விகளைக் கண்ணகியிடம் கேட்டுப் பாருங்கள். புகார்க் காண்டத்தில் அவள் பேசும் சொற்கள் மிகக் குறைவு. கணவன் கொலையுண்ட செய்தி கேட்ட பிறகு அவளுக்கு முன் இருந்த வழி, அரற்றி உயிர்விடுவது. அவள் ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாயிலுக்குப் போகிறாள். வழக்கு ஒரே ஒரு செய்தியில் முடிகிறது: அரசியின் சிலம்பில் உள்ள பரல் முத்து, அவளுடைய சிலம்பில் உள்ளது மாணிக்கம். சிலம்பை உடைக்கும்போது மாணிக்கப் பரல் அரசனின் வாயருகே தெறிக்கிறது. யானோ அரசன், யானே கள்வன் என்று சொல்லி அவன் வீழ்கிறான். தவற்றை ஒப்புக்கொண்டு அக்கணமே உயிர்விடும் பகைவனை இங்கும் கவிஞர் சிறியவனாகக் காட்டவில்லை.

இனி வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்களைப் பாருங்கள்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. போரில் பட்ட மறவனுக்குக் கல்லெடுக்கும் முறையைச் சொல்லும்போது தொல்காப்பியப் புறத்திணையியல் வரிசைப்படுத்தும் துறைகளின் பெயர்கள் இவை. கல்லைத் தேர்வது, எடுத்துவருவது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என்று மறவனுக்கு உரிய முறை முழுவதும், வாளைத் தொடாத ஒரு வணிகக் குலப் பெண்ணுக்குச் செய்யப்படுகிறது. கல் இமயத்திலிருந்து வருகிறது. எதிர்த்து நின்ற கனகனும் விசயனும் அதைத் தலையில் சுமக்கிறார்கள். தன்னிகரில்லாத் தலைவன் யார் என்ற கேள்விக்கு இளங்கோ நேரடியாக விடை சொல்லவில்லை. காதைகளுக்குப் பெயர் வைத்த முறையில் சொல்லிவிட்டார்.

கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்

எங்கே நிறுத்துவது என்பதைக் கவிஞர்தான் தீர்மானிக்கிறார். ஆகவே இறுதிக் காட்சியை முதல் வரிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சினம் என்று தொடங்கிய இலியட், நாயகனின் வெற்றியோடு முடியவில்லை. தன் மக்களைக் கொன்ற கைகளை ஹெக்டரின் தந்தையான கிழவன் பிரயம் முத்தமிடுகிறான், கொன்றவனும் இழந்தவனும் சேர்ந்து அழுகிறார்கள், பகைவனாகிய ஹெக்டரின் ஈமச் சடங்கோடு காப்பியம் நின்றுவிடுகிறது. ஈனியட்டோ இதற்கு எதிர்த் திசையில் போகிறது. அடங்கியவரைப் பொறுத்தருள் என்று தந்தையின் ஆவியிடம் அறிவுரை பெற்ற ஈனியாஸ், காயம்பட்டுக் கெஞ்சும் பகைவன் டர்னஸைப் பார்த்துக் கை தாழ்த்துகிறான். இறந்த இளந்தோழனின் கச்சையை அவன் தோளில் கண்டதும் சினம் மூண்டு குத்திவிடுகிறான். அந்த அடியோடு நூல் முடிகிறது. வர்ஜில் கி.மு. 19 இல் இறந்தபோது நூல் முழுத் திருத்தம் பெறாமல் இருந்தது என்பது உண்மை என்றாலும், இந்த முடிவு தற்செயலாக நேர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

குறிப்பேட்டில் கடைசியாக எழுத வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: இவனுக்கு இது தரப்பட்டது, இவன் அதை விட்டு இதைத் தேர்ந்தான், அதற்கு இதை இழந்தான். மூன்று இடங்களையும் காப்பியத்திலிருந்தே நிரப்ப முடிந்தால் நாயகனைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நிரப்ப முடியாவிட்டால் வேறொரு பாத்திரத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பயிற்சிக்குக் கில்காமேஷிலிருந்து தொடங்குவது நல்லது. அளவில் சிறியது, மூன்று இடங்களில் ஒன்று மட்டும் எளிதில் நிரம்பாது. இளமை தரும் செடியையும் பாம்பிடம் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பும் அவன், உடன் வந்த படகோட்டியிடம், உரூக்கின் மதில்மீது ஏறிப் பார், அதன் செங்கல் வேலையை ஆராய்ந்து பார் என்கிறான். அதே சொற்கள் காப்பியம் பொறிக்கப்பட்ட களிமண் பலகைகளில் முதலாவதின் தொடக்கத்தில், அவனைப் பற்றி ஒன்றும் அறியாத உங்களிடம் சொல்லப்பட்டிருந்தன.